டயட் முடிந்த பிறகு எடையைத் தக்கவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடுமையான டயட் ஒன்றை முடித்துவிட்டு, இறங்கிய எடை அப்படியே நிற்குமா என்ற பயத்தோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 800 கலோரி டயட், மாவுச்சத்தே தொடாத டயட், பவுடரைக் கரைத்துக் குடிக்கும் டயட், நாளுக்கு ஒரே வேளை என்று எதில் இருந்து வந்தாலும் முடிந்த பிறகு வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எடை திரும்புவதற்கு உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்பது காரணமல்ல. எடை குறைந்ததும் அதை மீட்க உடம்பு வேலை செய்ய ஆரம்பிக்கிறது, அது மாதக்கணக்கில் ஓயாது, ஆனால் டயட் சொல்லித் தருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

டயட் நேற்றோடு முடிந்தது. நாளையிலிருந்து என்ன சாப்பிடுவது?

டயட்டுக்கு முன்னால் சாப்பிட்டது போல மட்டும் வேண்டாம். அதே சமயம் இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பார்ப்போமே என்று டயட்டையே நீட்டவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாறுதல் காலம் இருக்கிறது, அதற்கென்று ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

பிரிட்டனில் டைரக்ட் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். 2017இல் வெளியான முதல் ஆண்டு முடிவில், அந்தப் பிரிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலேயே நீரிழிவு தணிந்திருந்தது. செய்திகளில் எல்லாம் இந்த எண்தான் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: திரவ உணவு முடிந்த மறுநாளே அவர்களைத் தனியாக விட்டுவிடவில்லை. 2 முதல் 8 வாரங்களில் திட உணவைப் படிப்படியாகத் திரும்பக் கொடுத்தார்கள், அதன் பிறகும் மாதந்தோறும் வரவழைத்துப் பேசினார்கள், எடை கொஞ்சம் ஏறினால் என்ன செய்வது என்ற திட்டம் முன்பே கையில் இருந்தது. டயட்டுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியாவது இந்தக் கட்டத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

நடைமுறையில், வாரத்துக்கு ஒருமுறை நாளொன்றுக்கான அளவில் 100 முதல் 200 கலோரி கூட்டிக்கொண்டே போங்கள். முதலில் புரதத்தையும் காய்கறியையும், பிறகு பருப்பு வகை, பழம், முழுத்தானியம், அப்புறம் மற்றவை. எடை இறங்குவது நின்று இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றால் அந்த அளவுதான் இப்போதைக்கு உங்களுடையது.

பல நாள் கிட்டத்தட்ட பட்டினியாகவே இருந்தவர்கள், உடல் மிகவும் மெலிந்துபோனவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு சட்டென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம் இது.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ ஏறிவிட்டது. எல்லாம் போச்சா?

இல்லை. அது பெரும்பாலும் தண்ணீர்.

உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டயட்டின் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியதே, அது இந்த இருப்பு காலியானதால்தான். இப்போது சாப்பாடு திரும்பியதும் இருப்பும் திரும்புகிறது, கூடவே உப்பு பிடித்து வைக்கும் நீர், குடலில் இருக்கும் உணவின் எடை எல்லாம் சேர்கின்றன. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் தினமும் 2,200 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், நீங்கள் அப்படிச் சாப்பிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த இரண்டு கிலோவைப் பார்த்து பயந்து மறுபடி டயட்டுக்குள் ஓடுகிறவர்கள் நிறைய. அங்கிருந்துதான் பட்டினி, மீறல், பட்டினி என்ற சுற்று தொடங்குகிறது. ஆகவே ஒன்று முதல் மூன்று கிலோ வரை திரும்பும் என்று முன்பே கணக்கில் வைத்துவிடுங்கள். அது வந்து நின்ற பிறகு இருக்கும் எண்ணைத்தான் உங்கள் உண்மையான எடையாகக் கொள்ள வேண்டும்.

டயட்டில் இருந்தபோதுகூட இவ்வளவு பசி இல்லை. இப்போது எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பலர் குற்ற உணர்ச்சியோடு கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது, உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. வயிற்றிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது, சாப்பிட்டது போதும் என்று சொல்லும் குடல் ஹார்மோன்கள் சில குறைகின்றன. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடை குறைக்கச் செய்து, ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குப் பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் டயட்டுக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. அதுவரை சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள், கனவிலும் பேச்சிலும் சாப்பாடுதான். பட்டினி முடிந்து தாராளமாகச் சாப்பிடக் கிடைத்த பிறகும், வயிறு கொள்ளாத அளவுக்குச் சாப்பிட்டும் பசி தீரவில்லை என்றார்கள் சிலர். இழந்த தசை முழுதாகத் திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. இவர்கள் யாரும் குண்டாக இருந்தவர்கள் அல்ல, சாப்பாட்டுப் பிரியர்களும் அல்ல. உணவைக் கடுமையாகக் குறைத்தால் மனித உடம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும்.

என்ன செய்யலாம்? பசியை வெல்ல முயல வேண்டாம், அது அடங்கும்படி சாப்பிடுங்கள். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும்; உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை ஒரு நாளில் எடுப்பது பசியையும் அடக்கும், தசையையும் காக்கும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்). நார்ச்சத்தும் நீர்ச்சத்தும் உள்ள காய்கறி, பழம், பருப்பு தட்டில் பாதிக்கு மேல் இருக்கட்டும். நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். காலையும் மதியமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு இரவில் சமையலறையைக் காலி செய்வது, வேளைக்குச் சாப்பிடாததன் விளைவு. அதை ஆசை என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

பாக்கெட் உணவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆராய்ச்சி விடுதியிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய ஆலை உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் சமமாக இருந்தும், ஆலை உணவு வாரங்களில் நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். பசி கூடியிருக்கும் இந்த நாட்களில் அந்த உணவு வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது உங்களுக்கு நல்லதல்ல.

என் மெட்டபாலிசம் பழுதாகிவிட்டதா?

மெட்டபாலிசம் என்பது உடம்பு சக்தியைச் செலவழிக்கும் விதம். அது பழுதாகவில்லை, குறைந்திருக்கிறது. ஒரு பகுதி வெறும் கணக்குதான்: 90 கிலோ உடம்பை நடத்திச் செல்ல ஆகும் சக்தி 75 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அதற்கு மேலும் உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது, இதுதான் பலரைப் பயமுறுத்துகிறது.

அமெரிக்காவில் ஓர் எடைக்குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்து 2016இல் வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது, ஆனாலும் ஓய்வில் செலவாகும் சக்தி எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவு. இது உண்மையான முடிவுதான். ஆனால் அந்தப் போட்டியில் நடந்தது மிகத் தீவிரமான உணவுக் குறைப்பும் மணிக்கணக்கான உடற்பயிற்சியும், அதை எல்லோர் மீதும் வைத்துப் பார்ப்பது சரியில்லை. எடை நிலையாகி சில வாரம் கழித்து அளந்தால் சாதாரண டயட்காரர்களிடம் இந்தக் கூடுதல் இறக்கம் சிறிய அளவிலேயே இருப்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அதே 14 பேரில் எடையைத் தக்கவைத்தவர்கள், நடமாட்டத்தைப் பெரிய அளவில் கூட்டியவர்கள்தான்.

என் பார்வையில் மெட்டபாலிசத்தைவிடப் பசிதான் பெரிய எதிரி. கெவின் ஹாலின் கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிப்பது நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. எல்லோரும் மெட்டபாலிசத்தைத் தூண்ட ஏதாவது குடிக்கலாமா என்று தேடுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

வேகமாகக் குறைத்ததால்தான் திரும்புகிறதா? மெதுவாகக் குறைத்திருந்தால் நின்றிருக்குமா?

அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வாரத்திலும் மற்றதற்கு 36 வாரத்திலும் எடை குறைக்கச் செய்து மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். 2014இல் வந்த முடிவு: இரண்டு பிரிவிலும் குறைந்த எடையில் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் திரும்பியிருந்தது. ஆக, வேகமாகக் குறைத்தோமே என்று வருந்துவதில் பயனில்லை. இனி என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தினமும் எடை பார்க்கலாமா?

பார்க்கலாம், பலருக்கு அது உதவுகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்த 314 பேரை வைத்து அமெரிக்காவில் ரீனா விங் குழு நடத்திய சோதனை 2006இல் வெளியானது. தினமும் எடை பார்க்கவும், ஏறினால் என்ன செய்வது என்றும் நேரில் பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு 18 மாதத்தில் 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் திரும்பியிருந்தது. அஞ்சலில் செய்தி மடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு. அங்கே சொல்லிக்கொடுத்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, யாரும் வீட்டில் செய்யலாம்: எடை குறைத்து முடித்தபோது இருந்த எடையிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் பச்சை, எதையும் மாற்ற வேண்டாம். அதைத் தாண்டினால் மஞ்சள், சாப்பாட்டையும் நடையையும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு, எடை குறைக்கும் முறைக்குத் தற்காலிகமாகத் திரும்ப வேண்டும்.

ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ நீர் கூடுவது சாதாரணம், அதனால் பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த எண் உங்கள் முழு நாளையும் கெடுக்கிறது, அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்துவிடுகிறீர்கள் என்றால் மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இடுப்பளவு எடுங்கள், போதும்.

எவ்வளவு உடற்பயிற்சி தேவை?

எடை குறைப்பதைவிட, குறைந்ததைத் தக்கவைப்பதில்தான் உடற்பயிற்சி அதிகம் உதவுகிறது. பொது ஆரோக்கியத்துக்கு வாரம் 150 நிமிடம் போதும். எடையைத் தக்கவைக்க 200 முதல் 300 நிமிடம் வரை தேவைப்படும், அதாவது நாளுக்கு முக்கால் மணி நேரம்போல வேக நடை. 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்றை அமெரிக்காவில் 1994இல் ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் தொடங்கினார்கள். அதில் சேர்ந்தவர்களில் 90 சதவீதம் பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். பெரும்பாலோர் செய்வது வாக்கிங்தான்.

இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கடுமையான டயட்டில் கொழுப்போடு தசையும் போயிருக்கும், அதை மீட்க எடை தூக்குவது, தண்டால், உட்கார்ந்து எழுவது போன்றவைதான் வழி. ஆனால் சாப்பிட்டதைக் 'கழிக்க' ஓடுவது வேண்டாம், அந்தக் கணக்கு மனதுக்கு நல்லதில்லை.

மாவுச்சத்தை இனி தொடவே கூடாதா?

தொடலாம். எடை மாவுச்சத்தால் மட்டும் ஏறுவதில்லை. முழுத்தானியம், பருப்பு, கிழங்கு என்று தொடங்கி அளவைப் பார்த்துக் கூட்டுங்கள். வாழ்நாள் முழுக்க விட முடியாத ஒன்றை விட்டுத்தான் எடையைக் காப்பாற்ற முடியும் என்றால், அந்தத் திட்டம் நிற்காது.

வாரத்தில் ஒரு நாள் இஷ்டப்படி சாப்பிடலாமா?

இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆறு நாள் அடைத்து வைத்து ஏழாம் நாள் திறந்துவிடும்போது, அந்த ஒரு நாளில் ஆறு நாள் மிச்சமும் போய்விடும், அதைவிட மோசமாக, பிடித்த உணவு என்றாலே தப்பு செய்வது என்ற நினைப்பு வேரூன்றிவிடும். பிடித்ததைச் சின்ன அளவில் எந்த நாளிலும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். விருந்து என்றால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வேளையிலிருந்து வழக்கம்போல, ஈடுகட்டப் பட்டினி கிடையாது.

சில இரவுகளில் நிறுத்தவே முடியாமல் சாப்பிட்டுவிடுகிறேன். பிறகு அழுகை வருகிறது.

எப்போதாவது ஒருமுறை என்றால், டயட்டின் மிச்சப் பசியாக இருக்கலாம். வேளைக்குப் போதுமான அளவு சாப்பிட ஆரம்பித்தாலே பெரும்பாலும் அடங்கும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது, மாதக்கணக்கில், கட்டுப்பாடு கைவிட்டுப்போன உணர்வோடு, மறைத்துச் சாப்பிடுவது நடந்தால், அல்லது சாப்பிட்டபின் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது இருந்தால், எடையைப் பற்றிய யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இது உணவுக் கோளாறு, சிகிச்சை இருக்கிறது, குணமாகிறார்கள். தயவுசெய்து இன்னொரு டயட்டால் இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

முடி கொட்டுகிறதே?

வேகமான எடைக் குறைவுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நிற்கும். இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் தள்ளிப்போடாதீர்கள், வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு அதிகம்.

தூக்கத்துக்கும் எடைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிக்கொண்டிருந்த 80 பேரை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், தூக்கத்தைக் கூட்ட ஆலோசனை பெற்றவர்கள் சராசரியாக 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள், அவர்கள் சாப்பிடுவது மற்ற பிரிவைவிட நாளுக்கு 270 கலோரி குறைந்தது. சாப்பாட்டைப் பற்றி அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

எடை குறைக்கும் ஊசி போட்டேன். நிறுத்தலாமா?

செமாகுளுடைட் போன்ற மருந்துகள் பசியைக் குறைப்பதால்தான் வேலை செய்கின்றன, நிறுத்தினால் பசி திரும்பும். பெரிய ஆய்வு ஒன்றில் மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. நிறுத்துவதா, தொடர்வதா, அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதேபோல நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை டயட்டின்போது குறைத்திருந்தால், சாப்பாடு கூடும் இந்தக் காலத்தில் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

பாதி எடை திரும்பிவிட்டது. அதே டயட்டை மறுபடி எடுக்கலாமா?

முதலில், மீதிப் பாதி இன்னும் திரும்பவில்லை. 90 கிலோவிலிருந்து 76க்கு வந்து 83இல் நிற்கிறீர்கள் என்றால், தொடங்கிய எடையில் ஏழு கிலோ குறைவு, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று குறைவு. ஐந்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளில் முன்னேற்றம் தெரியும் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

மறுபடி டயட் எடுப்பதற்கு முன், இப்போதைய எடையிலேயே இரண்டு மாதம் ஏறாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். எடையை நிறுத்திவைப்பது தனித் திறமை, அதைப் பழகாமல் இன்னொரு முறை குறைத்தால் இன்னொரு முறை திரும்பும். இந்த இரண்டு மாதத்தில் எந்த நேரத்தில், எந்த மனநிலையில், எந்த உணவில் கை மீறுகிறது என்பதை எழுதி வையுங்கள். அநேகமாக இரண்டு மூன்று இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றைச் சரிசெய்த பிறகும் குறைக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் குறைக்கலாம், ஆனால் இந்த முறை டயட் தொடங்கும் தேதியோடு அது முடிந்த பிறகான முதல் எட்டு வாரத்துக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்பதையும் முன்பே எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.